பிழைக்கு ஓர் இடம்: கொல்லிமலைக் குளியலறைச் சுவரும் டைல்ஸ் கணக்கும்

சுவரை எழுப்பும் கொத்தனார் அடியிலும் அங்குலத்திலும் அளக்கிறார். அந்தச் சுவரின் மேல் பதியும் டைல்ஸ் தொழிற்சாலையில் மில்லிமீட்டர் கணக்கில் உருவாகின்றன. செங்கல் சுவர் ஓரிரு சென்டிமீட்டர் கோணலாக நின்றாலும் பூச்சு அதை மறைத்துவிடும். ஆனால் நேர்விளிம்பு கொண்ட டைல்ஸ் வரிசையாக ஏறத் தொடங்கியதும், மறைந்திருந்த கோணல் மூலைகளிலும் கூரையோரத்திலும் வெளிப்பட்டுவிடும். அறையின் அளவும் டைலின் அளவும் மீதமில்லாமல் பொருந்துவது அரிது என்பதால், டைல்ஸ் பதிப்பைத் திட்டமிடுவது என்பது, அந்த மீதத்தையும் கோணலையும் சுவரின் எந்தப் பகுதியில் ஒதுக்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் கணக்காகிறது. குளியலறையில் ஷவர் பொருத்தப்படும் சுவரில் இக்கணக்கு மேலும் சிக்கலாகிறது. அங்கே அழகோடு குழாய்த் துளைகளும், தரையின் வாட்டமும், நாள்தோறும் வடியும் நீரும் சேர்ந்துகொள்கின்றன.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொல்லிமலை இக்கணக்கை விளக்குவதற்கு ஏற்ற இடமாகும். மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக இருந்த மலைவாழ் மக்களின் வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறிவருகின்றன. செம்மேடு, சோளக்காடு போன்ற ஊர்களைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகளும் பெருகியுள்ளன. இவற்றுக்கான டைல்ஸ் அனைத்தும் சமவெளியிலிருந்துதான் மேலேற வேண்டும். இந்தியாவில் உற்பத்தியாகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத் மாநிலத்தின் மோர்பி நகரைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாகி, லாரிகளில் தெற்கே வந்து, நாமக்கல், ராசிபுரம், சேலம் ஆகிய ஊர்களின் கடைகளில் இறங்குகிறது. அங்கிருந்து வாங்கப்படும் பெட்டிகள், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைக்கு வந்துசேர்கின்றன. சமவெளியில் நான்கு டைல்ஸ் குறைந்தால் இருசக்கர வண்டியில் போய் வாங்கி வந்துவிடலாம். மலையில் அதே குறைபாடு ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும் என்பதோடு, இரண்டாம் முறை வாங்குவது அதே நிறத்தில் அமையும் என்பதற்கும் உறுதியில்லை.

அடியும் மில்லிமீட்டரும்

கடைகளில் ‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற பெயரில் விற்கப்படும் சுவர் டைலின் உண்மையான அளவு 300 மி.மீ. அகலமும் 600 மி.மீ. நீளமும் ஆகும். ஆனால் ஓர் அடி என்பது 304.8 மி.மீ.; இரண்டடி என்பது 609.6 மி.மீ. ஆகவே, வாய்வழக்கில் இரண்டடி எனப்படும் ஒவ்வொரு டைலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவானது. எட்டடி நீளமுள்ள சுவரை நான்கு டைல்ஸ் சரியாக நிரப்பும் என்று மனக்கணக்குப் போடுபவர், 2,438 மி.மீ. நீளத்தில் 2,400 மி.மீ. மட்டுமே நிரம்புவதையும், டைல்களுக்கு இடையிலான மூன்று இணைப்புகளுக்குத் தலா 2 மி.மீ. கொடுத்த பின்னும் 32 மி.மீ. வெற்றிடம் எஞ்சுவதையும் பின்னர்தான் காண்பார். இரண்டு விரல் அகலமுள்ள கீற்றை ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் வெட்டி ஒட்டுவது கடினம். ஒட்டினாலும் அது சுவரின் அழகைக் கெடுக்கும்.

இதே எட்டடிச் சுவரில் பூச்சையும் கணக்கில் சேர்த்தால் விடை மாறுகிறது. எட்டடி என்பது செங்கல் முகத்திலிருந்து எதிர்ச் செங்கல் முகம் வரையிலான அளவு எனில், இருபக்கச் சுவர்களுக்கும் 15 மி.மீ. தடிமனில் பூச்சுப் பூசிய பின் 2,408 மி.மீ.தான் மீதமிருக்கும், நான்கு டைல்களும் மூன்று இணைப்புகளும் சேர்ந்த 2,406 மி.மீ. அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும். சுவரின் கோணலைச் சரிசெய்வதற்காக மேஸ்திரி பூச்சை 20 மி.மீ. ஆக்கினாலோ, 2,398 மி.மீ. மட்டுமே எஞ்சி, ஒவ்வொரு வரிசையிலும் கடைசி டைலின் ஓரத்தில் 8 மி.மீ. அளவுக்குச் சீவவேண்டிய நிலை உருவாகும். பளபளப்பான மேற்பூச்சுக் கொண்ட டைலைக் கையால் இயக்கும் கட்டரால் கீறி உடைக்கும்போது, முறிவு கீறலின் வழியே செல்வதற்குக் கீறலின் இருபுறமும் போதிய அகலம் வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கீற்று அப்படி முறியாமல் பல் பல்லாகச் சிதறுவதால், ஒவ்வொன்றையும் கிரைண்டரால் அறுக்க நேரிடும். ஐந்து மில்லிமீட்டர் பூச்சு வேறுபாடு ஒரு சுவரின் வேலையை இரட்டிப்பாக்கக்கூடும் என்பதே இதன் பொருள். எனவே வீட்டு வரைபடத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவை வைத்து டைல்ஸைத் திட்டமிடுவது பயன்தராது. பூச்சு முடிந்து காய்ந்த சுவரை, கீழே, நடுவே, மேலே என மூன்று உயரங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பூச்சு முடிந்த சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டும். இரு சுவர்கள் செங்கோணத்தில் சந்திக்கின்றனவா என்பதை மூலைமட்டம் காட்டும். பெரிய மூலைகளுக்குக் கைவினைஞர்கள் கையாளும் 3, 4, 5 முறை, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் பற்றிய பழைய தேற்றத்தின் நேரடிப் பயன்பாடாகும்: மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடியும் மறுசுவரில் நான்கடியும் குறித்தால், அவ்விரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு சரியாக ஐந்தடியாக இருக்கும்போது மட்டுமே அந்த மூலை செங்கோணமாகும். தொலைவு ஐந்தடிக்கு மேற்பட்டால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. இந்தக் குறை பூச்சு ஈரமாக இருக்கும்போதே தெரியவந்தால் திருத்தலாம். டைல்ஸ் ஏறிய பின் தெரியவந்தால் மறைக்க மட்டுமே முடியும்.

நடுக்கோடும் பாதி டைல் விதியும்

ஐந்தடிக்கு ஏழடி என்ற பரவலான அளவுள்ள குளியலறையில், ஐந்தடிப் பக்கத்துச் சுவரில் ஷவர் அமைவதாகக் கொள்ளலாம். செங்கல்லுக்குச் செங்கல் 1,524 மி.மீ. இருக்கும் அந்தச் சுவர், இருபக்கப் பூச்சுக்குப் பின் 1,494 மி.மீ. ஆகிறது. நீளவாட்டில் படுத்திருக்கும் 600 மி.மீ. டைலை அங்கே மூன்று விதமாகப் பரப்பலாம். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் இரண்டு முழு டைல்களும், மறுமூலையில் 290 மி.மீ. துண்டும் வரும். ஒரு முழு டைலின் மையத்தைச் சுவரின் நடுக்கோட்டில் வைத்தால், அதன் இருபுறமும் 445 மி.மீ. துண்டுகள் வரும். ஓர் இணைப்பை நடுக்கோட்டில் வைத்தால் இரண்டு முழு டைல்களும், இரு ஓரங்களிலும் 144 மி.மீ. துண்டுகளும் வரும்.

பின்னிரு முறைகளுக்கும் இடையே ஓர் எளிய கணித உறவு உள்ளது. டைலின் நீளத்தையும் ஓர் இணைப்பின் அகலத்தையும் சேர்த்து, அதாவது 602 மி.மீ. என்பதை, ஓர் அலகு எனலாம். நடுக்கோட்டில் டைலின் மையம் இருக்கும் அமைப்பிலிருந்து, இணைப்பு இருக்கும் அமைப்புக்கு மாறுவது, முழு வரிசையையும் அரை அலகு நகர்த்துவதற்குச் சமம். ஆகவே ஓரத்துத் துண்டின் நீளம் சரியாக 301 மி.மீ. கூடும் அல்லது குறையும். ஓரத்துத் துண்டு ஒரு டைலின் நீளத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால், இரண்டு அமைப்புகளில் ஒன்றில் அது பாதி டைலுக்குக் குறைவாக இருந்தால் மற்றதில் பாதிக்கு மேற்பட்டே இருக்கும். சுவரின் அளவு எதுவாக இருந்தாலும், நடுவில் டைலா இணைப்பா என்ற ஒரே கேள்விக்குச் சரியான விடை கண்டால், இரு ஓரங்களிலும் பாதி டைலுக்குக் குறையாத, ஒன்றுக்கொன்று சமமான துண்டுகளைப் பெற்றுவிடலாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் உறுதி. பாதி டைலை விடச் சிறிய துண்டு மூலையில் வரக்கூடாது என்று அனுபவமுள்ள மேஸ்திரிகள் சொல்லும் விதிக்கு அடிப்படை இதுவே.

பக்கச் சுவர்களின் டைல்ஸ் பின்னர் பதியும்போது, டைலும் ஒட்டும் பசையும் சேர்ந்து ஏறத்தாழ 12 மி.மீ. தடிமனுக்கு ஷவர் சுவரின் இரு ஓரங்களையும் மறைக்கும். சமச்சீர் அமைப்பில் இருபுறமும் ஒரே அளவு மறைவதால் 445 மி.மீ. துண்டுகள் 433 மி.மீ. ஆகத் தெரியுமே தவிர, சமநிலை கெடாது. ஒரு மூலையிலிருந்து தொடங்கும் அமைப்பில், முழு டைலாக இருக்க வேண்டியது 588 மி.மீ. ஆகவும், 290 மி.மீ. துண்டு 278 மி.மீ. ஆகவும் தெரியும்.

செலவின் பக்கம் திரும்பினால் முடிவு வேறாகிறது. ஏழு வரிசைகளுக்கு, மூலையிலிருந்து தொடங்கும் அமைப்பில் பதினான்கு முழு டைல்களும் ஏழு துண்டுகளும் தேவை; 600 மி.மீ. டைல் ஒன்றை அறுத்தால் 290 மி.மீ. துண்டுகள் இரண்டு கிடைப்பதால், பதினெட்டு டைல்ஸ் போதும். டைலை நடுவில் வைக்கும் அமைப்பில், 445 மி.மீ. துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டைல் செலவாவதால் இருபத்தொன்று வேண்டும். எஞ்சும் 155 மி.மீ. துண்டுகளுக்கு வேறு பயன் குறைவு. இணைப்பை நடுவில் வைக்கும் அமைப்பிலும், ஆலையில் உருவான நேர்விளிம்பு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கமாவது இருக்க வேண்டுமானால் ஒரு டைலிலிருந்து இரண்டு துண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், இருபத்தொன்றே தேவைப்படும். அதாவது தோற்றத்தில் தோற்கும் இந்த அமைப்பு செலவிலும் வெல்வதில்லை. இவ்வளவுள்ள டைல்ஸ் பெரும்பாலும் பெட்டிக்கு ஐந்தாக வருவதால், மூலை அமைப்புக்கு நான்கு பெட்டிகளும் நடு அமைப்புக்கு ஐந்து பெட்டிகளும் வாங்க வேண்டும். ஒரு பெட்டி விலையில் சமச்சீரும், கைவசம் நான்கு உபரி டைல்களும் கிடைக்கின்றன. வளைவுப் பாதையில் உடையும் டைல்களையும் பிற்காலப் பழுதுபார்ப்பையும் நினைத்தால், மலைவீட்டுக்கு இந்த உபரி வீணாகாது.

உயரமும் தரையின் வாட்டமும்

கதவு நிலையின் மேல்மட்டமான ஏழடி வரை டைல்ஸ் பதிப்பது பழைய வழக்கம். ஏழடி என்பது 2,134 மி.மீ.; 300 மி.மீ. டைலும் 2 மி.மீ. இணைப்பும் கொண்ட ஏழு வரிசைகள் 2,114 மி.மீ. உயரத்தில் முடிந்துவிடுவதால், மேலே 20 மி.மீ. எஞ்சும். அந்த இடைவெளியைக் கீற்றுகளால் நிரப்ப முயல்வதைவிட, டைல்ஸ் முடியும் கோட்டையே 20 மி.மீ. தாழ்த்துவதோ, எட்டு வரிசைகளாக்கி 2,416 மி.மீ. வரை உயர்த்துவதோ அறிவுடைய தீர்வாகும். எட்டு வரிசையாக்கினால் ஷவரின் நீர் தெறிக்கும் பரப்பு முழுவதும் டைலுக்குள் வந்துவிடும் என்ற கூடுதல் பயனும் உண்டு.

கீழ்முனையில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. சுவரின் டைல் வரிசைகள் ரசமட்டத்துக்கு ஒத்த கிடைக்கோட்டில் செல்ல வேண்டும். தரையோ, நீர் வடியும் துளையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எண்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், 1,494 மி.மீ. அகலமுள்ள சுவரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தரை ஏறத்தாழ 19 மி.மீ. இறங்குகிறது. தரையைத் தொட்டுக்கொண்டு முதல் வரிசையைத் தொடங்கினால் முழுச் சுவரும் சாய்ந்துவிடும். மேடான மூலையில் முழு டைலை வைத்தால், தாழ்ந்த மூலையில் 319 மி.மீ. உயரமுள்ள டைல் தேவைப்படும். அப்படி ஒன்று இல்லை. ஆகவே தாழ்ந்த மூலையில் முழு டைல் வருமாறு கணக்கிட்டு, மேடான மூலையை நோக்கிப் போகப்போக 281 மி.மீ. வரை குறைத்துச் சீவுவதே வழி. இதற்காக, இரண்டாம் வரிசையின் அடிமட்டத்தில் நேரான அலுமினியப் பட்டியொன்றைச் சுவரில் கிடையாக அடித்து, அதன்மேல் மற்ற வரிசைகளை ஏற்றி, பசை இறுகிய பிறகு பட்டியை எடுத்துவிட்டு, கடைசியாகக் கீழ்வரிசையைத் தரைக்கேற்ப அறுத்துப் பொருத்துவது தேர்ந்த முறையாகும். அந்தக் கிடைக்கோட்டை அறை முழுவதும் கொண்டுசெல்ல உதவும் டியூப் லெவல், ஒரே குழாயில் நிற்கும் நீரின் இரு முனைகளும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற இயற்பியல் விதியால் இயங்குவது. விலையுயர்ந்த லேசர் கருவி சொல்லும் விடையையே அதுவும் சொல்லும்.

கீழ்வரிசையை இறுதியில் வைப்பதால், தரையில் இருக்கும் ஒழுங்கின்மை முழுவதும் கால்மட்டத்துக்குத் தள்ளப்படுகிறது. கண்மட்டத்தில் முழு டைல்ஸ், காலடியில் சீவிய டைல்ஸ் என்ற இந்தப் பங்கீடு, பிழைக்கு இடம் ஒதுக்கும் கலையின் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

சூளை தரும் வேறுபாடுகள்

டைலும் முழுமையாகத் துல்லியமான பொருளன்று. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் முதலியவற்றின் தூளை அச்சில் அழுத்தி, உலர்த்தி, 1,100 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுடும்போது அது சுருங்குகிறது. சூளையின் வெப்பத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் அளவிலும் நிறத்திலும் வெளிப்படுகிறது. இதனால் ஆலைகள் சுட்ட டைல்ஸை அளவு வாரியாகவும் நிறச்சாயல் வாரியாகவும் பிரித்து, அந்தக் குறியீடுகளைப் பெட்டியின் மேல் அச்சிடுகின்றன. ஒரே பெயரும் ஒரே படமும் கொண்ட இரண்டு பெட்டிகள் வெவ்வேறு குறியீட்டைக் கொண்டிருந்தால், அவை ஒரே சுவரில் அடுத்தடுத்து வரக்கூடாது. மலைக்கு ஏற்றும் முன்பே கடையில் ஒவ்வொரு பெட்டியின் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால் கட்டாயமாகிறது. பெட்டிகளைப் படுக்கையாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி ஏற்றுவதும் அதேபோல் இன்றியமையாதது. சுட்ட களிமண் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு வளைவைத் தாங்காது.

இணைப்பு இடைவெளியின் முதல் பணி இந்த வேறுபாடுகளை விழுங்குவது. ஒவ்வொரு டைலும் அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலும் குறைவும் கலந்து வரும் ஏழு வரிசைகளில் அவை ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்து, மொத்தப் பிழை பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நிற்கும். ஆனால் ஒரே சூட்டில் வெந்த டைல்ஸ் அனைத்தும் ஒரே பக்கமாகவே பிழைக்கக்கூடும். அப்போது பிழை நேரடியாகக் கூடி மூன்றரை மில்லிமீட்டர் ஆகும். இடைவெளியே விடாமல் டைலோடு டைலை முட்டவைத்து ஒட்டும் பழைய வழக்கில், இந்தக் கூட்டுப்பிழையைக் கரைக்க வழியேயில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஸ்பேசர் வைத்து, இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை ரசமட்டம் பார்த்து, இடைவெளியைக் கால் மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும்போது பிழை ஓரிடத்தில் குவியாமல் சுவர் முழுவதும் பரவிவிடுகிறது.

நீளமான டைல்ஸில் மற்றொரு வேறுபாடும் உண்டு. சூளையில் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே அளவில் சுருங்காததால், பல டைல்ஸின் நடுப்பகுதி முனைகளைவிடச் சற்றே மேடாக இருக்கும். செங்கல் கட்டுமானம்போல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசை டைலின் நடுவில் வருமாறு பதித்தால், ஒன்றின் மேடான நடுப்பகுதி மற்றதின் தாழ்ந்த முனைக்கு அருகில் வந்து, படிபோன்ற ஏற்றத்தாழ்வு உண்டாகும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும் அறையில், சாய்ந்து விழும் காலை வெளிச்சம் அந்தப் படிகளை நிழலிட்டுக் காட்டிவிடும். ஒரு பக்கமேனும் 38 சென்டிமீட்டரைத் தாண்டும் டைல்ஸில் இந்த நகர்வு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்று அமெரிக்கத் தரவிதிகள் வரம்பிட்டிருப்பது இதனால்தான். இணைப்புகள் மேலும் கீழும் ஒரே கோட்டில் செல்லும் நேரடி அடுக்கு இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். ஆனால் கோடு தவறினால் அதில் ஒளித்துவைக்க இடமில்லை.

மனிதக் கண் தனித்தனிப் புள்ளிகளைப் பிரித்தறிவதைவிட, இரண்டு கோட்டுத் துண்டுகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பதைப் பன்மடங்கு கூர்மையாக உணர்கிறது. பார்வை அறிவியலில் இது வெர்னியர் கூர்மை எனப்படும். நல்ல வெளிச்சத்தில், ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கோட்டு விலகலைக்கூடக் கண்ணால் உணர முடியும். அதே கண்ணுக்கு, ஓரத்துத் துண்டு 433 மி.மீ. இருக்கிறதா 430 மி.மீ. இருக்கிறதா என்பது தெரியாது. சுவர் கோணலால் ஒரு மூலைத் துண்டு மேலே செல்லச்செல்ல 5 மி.மீ. குறுகினாலும், துண்டு அகலமாக இருந்தால் அது எளிதில் புலப்படாது. துண்டு 20 மி.மீ. மட்டுமே இருந்து, மேலே 15 மி.மீ. ஆகக் குறுகினால், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அகலமான துண்டு கோணலை மறைப்பதும் மெல்லிய கீற்று அதைப் பறைசாற்றுவதும் கண்ணின் இந்த இயல்பால் நிகழ்வனவே.

துளைகள், மாடம், அலங்கார டைல்ஸ்

ஷவரையும் வெந்நீர்க் குழாயையும் கட்டுப்படுத்தும் டைவர்டர், சுவருக்குள் பதிக்கப்படும் குழாய்களோடு சேர்ந்தே நிலைபெறுவது. குழாய்க்குச் சுவரில் காடி வெட்டும் நாளில் டைல்ஸ் இன்னும் வாங்கப்பட்டிருக்காது என்பதால், பல வீடுகளில் டைவர்டர் எங்கோ ஓரிடத்தில் அமைந்து, பின்னர் டைலின் விளிம்புக்கு ஒரு விரல் தொலைவில் துளையிட வேண்டியதாகிறது. டைல் அளவு முன்பே தெரிந்தால் இதைத் தவிர்க்கலாம். மேலே கண்ட சுவரில் நான்காம் வரிசையின் மையம் தரையிலிருந்து 1,058 மி.மீ. உயரத்திலும், ஏழாம் வரிசையின் மையம் 1,964 மி.மீ. உயரத்திலும் வருகின்றன. முன்னது டைவர்டருக்கும், பின்னது ஷவர் குழாய்க்கும் பொருத்தமான உயரங்களே. நடு அமைப்பில் சுவரின் நடுக்கோடு டைலின் மையமாகவும் இருப்பதால், இரண்டு துளைகளும் டைலின் நட்டநடுவில் விழும்.

துளை எங்கே விழுகிறது என்பது தோற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. தகடு ஒன்றில் துளையோ வெட்டோ இருந்தால், அதைச் சுற்றி விசை குவிகிறது. வெட்டின் முனை கூராக ஆக ஆகக் குவிப்பு அதிகரிக்கிறது என்பதை ஆங்கிலப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913-இல் கணித முறையில் நிறுவினார். சன்னல் ஓரத்திலோ குழாய் அருகிலோ டைலை எல் வடிவில் வெட்டும்போது, உள்மூலையிலிருந்து விரிசல் தொடங்குவதற்கு இதுவே காரணம். அந்த உள்மூலையில் முதலில் சிறு வட்டத் துளையிட்டு, பிறகு அதை நோக்கி இரு பக்கமும் அறுத்தால், கூர்முனை வளைவாகி விரிசலின் வாய்ப்புக் குறையும். அத்தகைய எல் வெட்டே தேவைப்படாதவாறு சன்னலின் ஓரத்தை ஓர் இணைப்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது அதனினும் மேலானது.

சோப்பும் எண்ணெயும் வைக்கச் சுவரில் மாடம் அமைப்பதாக இருந்தால், அதன் நான்கு விளிம்புகளும் இணைப்புக் கோடுகளில் விழ வேண்டும். ஒரு டைல் அகலமும் ஒரு வரிசை உயரமும் கொண்ட மாடம், வெட்டே இல்லாமல் சுவரோடு இழையும். அதன் அடித்தட்டு முன்னோக்கிச் சற்றே சாயவில்லையெனில் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அடர்நிறம், வெளிர்நிறம், அலங்காரம் என மூவகையாக விற்கப்படும் சுவர் டைல்ஸில், ‘ஹைலைட்டர்’ எனப்படும் அலங்கார டைலை எந்த இடத்திலும் வெட்ட நேராதபடி, முழு டைல் வருமிடத்தில் மட்டுமே வைப்பது நல்லது. வெட்டினால் அதன் அச்சுப்படம் பாதியில் அறுந்துபோகும்.

டைலுக்குப் பின்னால் இருக்கும் நீர்

சுவரில் டைல் பதித்துவிட்டால் நீர் உள்ளே போகாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. டைலின் மேற்பூச்சு நீரைத் தடுப்பது உண்மைதான். ஆனால் இணைப்புகளை நிரப்பும் சிமெண்ட் கிரவுட்டில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. சுவர் டைலின் உடலும் துளைகள் நிறைந்ததே, ஐ.எஸ்.ஓ. 13006 என்ற சர்வதேசத் தரப்பிரிவுகளில், தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சும் வகை தனியாகவே வகுக்கப்பட்டுள்ளது. சுவர் டைல்ஸில் பெரும்பாலானவை அதில் அடங்கும். அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸ் இதற்கு நேர்மாறானவை. துளைமிக்க டைல்ஸைச் சிமெண்ட் பாலில் பதிக்கும் முன் நீரில் ஊறவைக்கும் வழக்கம், அவை சிமெண்ட்டின் நீரை உறிஞ்சி அதன் இறுக்கத்தைக் கெடுக்காமலிருக்க ஏற்பட்டது; தொழிற்சாலைப் பசையில் பதிக்கும்போது அதற்குத் தேவையில்லை.

நீரைத் தடுப்பது பின்னாலுள்ள படலத்தின் வேலை என்பதை மொகஞ்சதாரோவின் பெருங்குளம் காட்டுகிறது. சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் குளத்தைக் கட்டியவர்கள், நெருக்கமாக அடுக்கிய சுட்ட செங்கற்களை மட்டும் நம்பாமல், அவற்றுக்குப் பின்னால் நிலக்கீல் படலம் ஒன்றையும் அமைத்தனர். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் செங்கல்லை வார்த்த அதே நாகரிகம், அளவொழுங்கும் நீர்த்தடுப்பும் தனித்தனிக் காரியங்கள் என்பதை உணர்ந்திருந்தது. இன்றைய குளியலறையிலும், பூச்சு காய்ந்த பின் நீர்த்தடுப்புக் கலவையைத் தரையிலும் சுவரிலும் தடவி, குழாய்த் துளைகளைச் சுற்றி அடைத்து, அதன் பிறகே டைல்ஸைத் தொடங்க வேண்டும்.

மலையில் இப்பணிக்குக் கூடுதல் கவனம் தேவை. கொல்லிமலையில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை பெய்வதோடு, குளிரும் ஈரக்காற்றும் சேர்வதால், பூச்சும் நீர்த்தடுப்புப் படலமும் சமவெளியில் காய்வதைவிட மெதுவாகவே காயும். சரிவை வெட்டிச் சமன்செய்த மனையில் கட்டிய வீட்டின் மேட்டுப்பக்கச் சுவர் மண்ணோடு ஒட்டியிருந்தால், மழைக்காலத்தில் அதன் பின்புறத்திலிருந்தே ஈரம் ஊடுருவி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, டைலின் இணைப்புகளில் வெள்ளையாகப் பூக்கும். உட்புறத்தில் தடவும் படலம் பின்னிருந்து தள்ளும் இந்த நீரைத் தாங்குவது கடினம் என்பதால், ஷவரை மேட்டுப்பக்கச் சுவரில் அமைக்காமலிருப்பதும், அமைத்தே தீர வேண்டுமெனில் வெளிப்புறத்தில் நீர்த்தடுப்பும் வடிகாலும் செய்வதும் உகந்தவை.

வெப்பத்தின் பங்கும் சிறிதன்று. மார்கழிக் காலையில் 15 டிகிரியில் இருக்கும் சுவரின் மீது கீசரிலிருந்து 45 டிகிரி நீர் விழுந்தால், 1,494 மி.மீ. அகலமுள்ள டைல் பரப்பு ஏறத்தாழ 0.3 மி.மீ. விரிய முயலும். எண்ணளவில் அது அற்பமே. ஆயினும் நாள்தோறும் விரிந்து சுருங்கும் பரப்பு, தன்னைவிட மெதுவாகச் சூடாகும் பக்கச் சுவரோடு மூலையில் இறுகப் பிணைந்திருந்தால், அங்கே நிரப்பிய கிரவுட் முதலில் வெடிக்கும். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சந்திக்கும் மூலைகளில் கிரவுட்டுக்குப் பதிலாக நெகிழ்வுள்ள சிலிக்கோனை நிரப்புவது இந்த அசைவுக்கு இடமளிப்பதற்காகவே. அந்த மூலை இணைப்பின் அகலத்தையும் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு முடிவுகளும் ஒரு தாளில் அடங்கக்கூடியவை. பூச்சுக்குப் பிந்தைய அகலம், நடுக்கோட்டில் டைலா இணைப்பா, வரிசைகளின் எண்ணிக்கை, தாழ்ந்த மூலை, டைவர்டரின் உயரம், மாடத்தின் இடம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த ஒரு கைவரைபடமே அந்தத் தாள். டைலின் அளவைக் காடி வெட்டும் முன்பே தேர்ந்து, குழாய் வேலைசெய்பவரும் டைல்ஸ் மேஸ்திரியும் அந்த ஒரே தாளைப் பார்த்து வேலைசெய்யுமாறு வீட்டுக்காரர் ஏற்பாடு செய்ய வேண்டும்; பூச்சு முடிந்ததும் சுவரை மறுபடி அளந்து, தாளைத் திருத்திய பிறகே பெட்டிகளை வண்டியில் ஏற்ற வேண்டும்.